கன்னத்தின் உள்பக்கம்

ஆஸ்பத்திரியில் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புற்றுநோய் தின்றுவிட்டுப் போன முகங்களுக்குக் காது, கன்னம், கண் என்று சிலிக்கான் ரப்பரில் எல்லாமே செய்பவள். பெயர் மட்டும் மூக்கோடு நின்றுவிட்டது. நல்ல கைத்திறமை. அதில் அவளுக்கு இருந்த கர்வமும் கொஞ்சநஞ்சமல்ல.

புதன்கிழமை காலையில் பஸ் டிரைவரின் மனைவி, டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துக் கணவரின் இடது கன்னத்தைக் கொண்டுவந்தாள். மூன்று வருடம் போட்டதில் நிறம் வெளுத்து ஓரம் கிழிந்திருந்தது.

"பழசைப் பார்த்தே புதுசு செஞ்சிடுங்கக்கா. அவருக்கு ஜலதோஷம், அளவு கொடுக்க வர முடியாதாம்."

"முதல் அளவுக்கு அப்புறம் அவர் என்னைக்கு வந்தார்? போன தடவை சாயம் பூசவும் நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க?"

"வீட்லயும் அப்படித்தான். கழட்டறப்ப கதவைச் சாத்திக்குவார். உள்ள எப்படி இருக்கும்னு நானே பார்த்ததில்லை."

மூக்கக்கா கன்னத்தைத் திருப்பினாள். உள்பக்கம் ஒரு குழி. பிளேடால் சுரண்டியது, கட்டைவிரல் நுனி இறங்கும் ஆழம். சுருக்கென்று கோபம் வந்தது அவளுக்கு. மூன்று மாதத்துக்கு முன்பு சாயம் பூச வந்தபோதும் இதே இடத்தில் மிளகு அளவு சுரண்டியிருந்தது. அதை அடைத்து மழமழவென்று ஆக்கிக் கொடுத்திருந்தாள்.

"என் வேலைல பிளேடு வைக்க வேண்டாம்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வைங்க!"

"சொல்றேன்கா."

ஏன் சுரண்டினார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குழியை மெழுகால் நிரப்பிச் சமன் செய்தாள், பிளாஸ்டரில் பதித்து அச்செடுத்தாள், தோல் நிறம் கலந்து வார்த்தாள். தோலில் தெரியும் மெல்லிய நரம்புக் கோடுகூட விட்டுப்போகவில்லை.

திங்கட்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். புதுக் கன்னம் உட்காரவே மாட்டேன் என்றது. காதுப்பக்கம் அழுத்தினால் மூக்குப்பக்கம் எழும்பியது.

"எடுங்க, உள்ள பார்க்கணும்" என்றாள் மூக்கக்கா.

"நீ வெளிய இரு" என்றார் டிரைவர், மனைவியிடம்.

"இன்னைக்கு நான் போக மாட்டேன்."

கன்னத்தைக் கழற்றியதும், பழையதில் குழி இருந்த அதே இடத்தில், முகத்தில் சிவந்த கட்டி ஒன்று புடைத்து நின்றது. அழுத்தியதில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி வந்தா மேல்தாடையையும் எடுக்கணும்னு சொன்னாங்க. பேச்சே குழறிப் போயிடுமாம்." டிரைவர் தரையைப் பார்த்தே பேசினார். "கட்டி வளர வளர, கன்னத்து உள்பக்கத்தைச் சுரண்டி இடம் பண்ணிக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று மனைவி உடைந்து அழுதாள்.

அந்த நோயின் தடயம் இரண்டு தடவை மூக்கக்காவின் கைக்கே வந்திருந்தது. இரண்டு தடவையும் தன் வேலைக்கு நேர்ந்த அவமானமாக மட்டுமே அதைப் பார்த்திருந்தாள்.

தகவல் சொன்னதும் டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கட்டியைத் தொட்டுப் பார்த்தவரின் முகம் மாறியது.

"சின்னதா இருக்கறப்பவே வந்திருந்தா தாடை தப்பிச்சிருக்கும். யாருமே கவனிக்கலையா?"

மனைவி இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் கவனிச்சேன் டாக்டர்" என்றாள் மூக்கக்கா. "மூணு மாசம் முன்னாடி. மிளகு அளவு. நான்தான் அடைச்சுக் கொடுத்தேன்."