இரண்டு பிள்ளைகளைக் கேட்ட சோப்பு

பள்ளிக்கூட மேடையில் மகள் ஏறப் போகிறாள் என்று தலைமையாசிரியர் ரசலையன் சொல்லிவிட்டதிலிருந்து முத்துக்கனிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு சோப்புக் கம்பெனி தன் செலவில் சுகாதார விழா நடத்துகிறதாம். வியாபாரமே இல்லையாம், பிள்ளைகள் நன்மைக்காம். மேடைக்கு இரண்டு பிள்ளைகள் மட்டும் கேட்டார்களாம். தோவாளையில் பூக்கட்டிப் பிழைக்கிறவள் அதையெல்லாமா சந்தேகிப்பாள்? விடியுமுன் மகள் பூங்கனியைச் சானல் வாய்க்காலில் இறக்கி, பயற்றமாவு தேய்த்துக் குளிப்பாட்டி, விற்க வைத்திருந்த பிச்சிப்பூவில் ஒரு முழம் எடுத்துத் தலையில் வைத்தாள்.

மேடையில் நடந்ததோ வேறு. கம்பெனிக்காரர் எண்ணெயில் குழைத்த கரியை எடுத்து, பளிச்சென்று நின்ற பிள்ளையின் முகத்திலும் கையிலும் அப்பினார். "இதுதான் அழுக்குப் பாப்பா! இவளோடு சேர்ந்தால் சொறி வரும், சிரங்கு வரும்!" என்று மைக்கில் முழங்கினார். அடுத்து வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு தலைமையாசிரியர் மகள் வந்தாள். "இது நம் சோப்புப் பாப்பா!" பள்ளிக்கூடமே சிரித்தது. பூங்கனியோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவளும் சிரித்தாள்.

மேடைக்குக் கீழே நின்ற முத்துக்கனி எல்லாவற்றையும் பார்த்தாள். நாளைக்கு பூங்கனி பக்கத்தில் யார் உட்காருவார்கள்? மேடையோரம் இருந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள்.

ரசலையன் குறுக்கே வந்தார். "வெளம்பரந்தான முத்துக்கனி. நல்ல காரியத்துக்காக்கும் செய்யாங்க."

"நல்ல காரியம்னா ஒங்க பிள்ளைக்கில்லா பூசச் சொல்லியிருக்கணும், சாரே!"

அவர் ஒதுங்கி வழி விட்டார். அவள் கம்பெனிக்காரரிடம் திரும்பினாள். "நீரு பூசின கரிய நீரே கழுவும். ஒம்ம சோப்பாலயே கழுவும். பிள்ளையளெல்லாம் பாக்கட்டும்."

வேறு வழியில்லாமல் தேய்த்தார். எண்ணெய்க்கரி போவதாயில்லை. கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. அவர் சட்டைக் கைக்கும் ஏறியது. பிள்ளைகள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பாத்தியளா மக்களே? இது போவாதுன்னு இவருக்குத் தெரியும். அதுக்குத்தான் கரி பூச ஒண்ணு, வெளுப்பாக் காட்ட ஒண்ணுன்னு ரெண்டு பிள்ளைய கேட்டிருக்காரு!"

பூங்கனி இன்னும் தேம்பிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரர் கருத்த கைகளை நீட்டி, "கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா," என்றார். முத்துக்கனி குடத்தில் மிச்சமிருந்ததை மகள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தன் முந்தானையால் துடைத்தாள். வெறுங்குடத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.