படகில் மூன்றாவது தலை

எங்கள் கரையில் மீன் என்றால் காட் மீன்தான். மற்றதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. சும்மா "மீன்" என்று யாராவது சொன்னால் அது இது ஒன்றுதான். நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவன் எவனும் இதற்கு விளக்கம் கேட்க மாட்டான். வீட்டுச் சாப்பாட்டுக்காக அதைப் பிடித்துக்கொள்ள அரசாங்கம் கோடையில் சனி, ஞாயிறு, திங்கள் மட்டும் அனுமதி கொடுக்கிறது. தலைக்கு ஐந்து மீன். படகில் மூன்று பேர் இருந்தால் பதினைந்து. அதற்கு மேல் ஊரையே ஏற்றிக்கொண்டு போனாலும் பதினைந்துதான். அதனால் இங்கே யாரும் படகுக்கு ஆள் தேடுவதில்லை, தலை தேடுவார்கள். கைநடுங்கிக் கிழவன், வாந்தி எடுக்கும் மருமகள், யாராக இருந்தாலும் சரி. உட்கார்ந்திருந்தால் போதும், ஐந்து மீன் கணக்கு.

என் கணவன் லியாண்டருக்கு அப்படித் தலை தேட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அவன் படகில் இடம் கேட்டு ஆட்கள் வருவார்கள். பிப்ரவரியில் ஒரு காலை சட்டைப் பொத்தானைப் போடும்போது அவன் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சமையலறைக் கட்டிலில்தான் இருக்கிறான். பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. என்னை விரட்ட அந்தப் பாதி தாராளமாகப் போதும்.

நான் லொரெட்டா. நண்டுத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அந்த வேலையில்கூட இப்படி அலுத்ததில்லை. இரவில் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவன் இருமினால் எனக்கு விழிப்பு வரும், இருமாவிட்டால் பயத்தில் விழிப்பு வரும். விறகு, பனி, மாத்திரை, துணி எல்லாம் நான்தான். என் உடம்பு எனக்கே பாரமாக இருந்தது. படியில் ஏறும்போது பாதியில் நின்று, எதற்கு ஏறினேன் என்று மறந்துபோய், அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை டெல்ஃபீன் என்ற பெண் வந்து அவனைப் பார்த்துக்கொள்வாள். சுகாதார நிலையம் அனுப்பும் ஆள். காலையில் வந்தால் மதியம் வரை இருப்பாள். அந்த நேரம் எனக்கு. போன முறை வந்தபோது, "லொரெட்டா, துண்டு எங்க இருக்கு? லொரெட்டா, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் நானே எல்லாவற்றையும் செய்து, அவளுக்கு டீயும் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். இந்த முறை விடுவதாக இல்லை. மாடிக்குப் போவேன், கதவைத் தாழ் போடுவேன், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்குவேன். இதை லியாண்டரிடம், அவன் தம்பி ஆம்ப்ரோஸிடம், கடைக்காரியிடம் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். சிலர் கல்யாணத்துக்கு நாள் எண்ணுவதுபோல நான் அந்தத் தூக்கத்துக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரியாக அந்த சனிக்கிழமைக்குத்தான் லியாண்டர் மீன்பிடிக்கப் போகத் திட்டம் போட்டான்.

திங்கட்கிழமை ஆரம்பித்தது. ரேடியோவில் கடல் வானிலை சொல்லும்போதெல்லாம் நான் பாத்திரத்தைக்கூட நகர்த்தக் கூடாது. காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் ஒரு முகம், வடகிழக்கிலிருந்து வந்தால் ஒரு முகம். "சனிக்கிழமை... அடங்கிடும்" என்பான் மெதுவாக, அவன்தான் காற்றுக்கு உத்தரவு போடுபவன் மாதிரி. இதுதான் இந்த வருஷத்தின் கடைசி வாரம், இதை விட்டால் அடுத்த கோடைதான்.

"ஷெட்ல மேல... தூண்டில் கயிறு."

ஏணி போட்டு ஏறி எடுத்து வந்தேன்.

"அது இல்ல. பச்சை."

மறுபடி ஏறினேன். ஈயக் குண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி இடது கையில் வைத்து எடை பார்த்தான். கொக்கிக்கு அரம் போடச் சொன்னான். கத்தியைத் தீட்டச் சொன்னான். லைஃப் ஜாக்கெட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கச் சொன்னான். உல்லாசமாக மீன்பிடிக்கப் போகிறோம் என்று ஆண்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அவர்களுக்கு உல்லாசம் ஒரு மணி நேரம். முன்னால் ரொட்டி சுடுவதும், பின்னால் குடலெடுப்பதும், துண்டு போடுவதும், ஃப்ரீசரில் அடுக்குவதும், செதில் ஒட்டிய சட்டையைத் துவைப்பதும் நம் தலையில்.

ஆனால் எனக்குக் கவலை அதுவல்ல. இவனை யார் படகில் ஏற்றுவது? ஏற்றினாலும் யார் பிடித்துக்கொள்வது? ஒரு பக்கம் செத்துப்போன உடம்பு, அலையில் ஒரு ஆட்டம் ஆடினால் மூட்டை மாதிரி போய்விடும். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வாரம் முழுக்க அவன் கண்ணில் வெளிச்சம் இருந்தது. அதை அணைக்கிற வேலையையும் என்னிடமே கொடுத்தால் எப்படி?

புதன்கிழமை கடை வாசலில் ஆம்ப்ரோஸைப் பிடித்தேன்.

"நீதான் முடியாதுன்னு சொல்லணும். இப்ப படகு உன் கையில."

"நானா? அண்ணி, என்னால ஆகாது. அவர் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப கடல்ல விழுந்தா அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இரு."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஆம்ப்ரோஸுக்கு ஐம்பத்தெட்டு வயது, ஆனால் அண்ணன் பெயரைச் சொன்னால் பத்து வயதாகிவிடுவான்.

"மோட்டார் கெட்டுப்போச்சுன்னு சொல்லு" என்றேன். "அதுக்கு யார் மேலயும் கோபம் வராது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தான். உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றான். டீ வேண்டாம் என்று ஆம்ப்ரோஸ் சொல்லி நான் கேட்டதே இல்லை. அங்கேயே காரியம் கெட்டது.

"அண்ணே, ஒரு விஷயம். மோட்டார் சரியில்ல."

"என்ன... ஆச்சு?"

"அது... இருமுது."

"நேத்து சாயங்காலம் முனையத் தாண்டிப் போன. கேட்டேன். இருமல. பாடிக்கிட்டுப் போச்சு."

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தான். நான் கெட்டிலைப் பார்த்தேன்.

"இல்லண்ணே, டாங்க்ல தண்ணி இறங்கிருச்சு."

"முதல்ல இருமல். இப்ப தண்ணி. நர்ஸக் கூப்பிடவா?"

லியாண்டர் பாதி வாயால் சிரித்தான். சிரித்து முடிக்க அவனுக்கு நேரமாகும், நாங்கள் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி காத்துக்கொண்டு நின்றோம்.

"நான் வரேன்னு... எவன் சொன்னான்?" என்றான். "கக்கூஸ் போகவே எனக்கு ஆள் வேணும். நான் என்ன பைத்தியமா? தலை மூணு. நீ. உன் மருமகன் ஜெரார்ட். அப்புறம் லொரெட்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த துணியை மேசைமேல் அடித்தேன்.

"நானா? நாளைக்கா? நாளைக்கு என்ன நாள்னு உனக்குத் தெரியுமா?"

"சனி."

"சனின்னு தெரியுது இல்ல? ஒரு மாசமா நாய் மாதிரி அந்த ஒரு நாளைக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். நான் தூங்கணும் லியாண்டர். மீன் வேண்டாம், கடல் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். விறகு வெட்டினேன், பனி தள்ளினேன், உன்னைக் குளிப்பாட்டினேன். இப்ப மீனும் நானே பிடிக்கணுமா? அடுத்த வாரம் கூரையையும் பிரிச்சு மேயச் சொல்வியா?"

ஆம்ப்ரோஸ் கதவுப் பக்கம் நகர்ந்தான். லியாண்டர் சுவரைப் பார்த்தான். அதைப் பார்த்தே பேசினான்.

"இந்தக் கோடை முழுக்க... பையில போட்டுக் கதவுல மாட்டிட்டுப் போறாங்க. விதவைங்களுக்கு மாட்டுற மாதிரி. எனக்குத் தொண்டையில இறங்கல. நம்ம வீட்டுத் தலைக்கு... அஞ்சு மீன். அவ்வளவுதான் கேக்கறேன்."

அது உண்மை. இங்கே கடலுக்குப் போக முடியாதவர்கள் வீட்டுக் கதவில் அக்கம்பக்கத்தார் மீனை மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போவார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஜூலையில் முதல் பை வந்தபோது அவன் உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டான். மீனை நான் தனியாகத் தின்றேன். அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"சரி" என்றேன். சண்டை போடவும் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை. அவனை ஜெயிக்க விடுவதுதான் சுலபமாக இருந்தது. அன்று மாலை ரொட்டிக்கு மாவு பிசையும்போது மாவைக் குத்தியதில் பாதி அவனுக்கு விழுந்த குத்து.

காலையில் டெல்ஃபீன் வந்துவிட்டாள். துண்டு எங்கே என்று அவள் வாயைத் திறக்கும் முன் நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். லியாண்டரிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான், தூங்குவதாக நடிப்பு. தூங்குகிறவனின் மூச்சும் நடிக்கிறவனின் மூச்சும் எனக்குத் தெரியாதா?

துறையில் மூடுபனி முட்டிக்கால் உயரத்துக்கு நின்றது. காற்று துளியும் இல்லை, அவன் சொன்னபடி அடங்கிவிட்டிருந்தது. அதற்கும் கோபம் வந்தது. ஜெரார்ட் டொரண்டோவில் வாங்கிய புது ஆரஞ்சு உடுப்பில் நின்றான். கடையின் விலைச்சீட்டு இன்னும் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இவனைக் கட்டிவிட்டா கலங்கரை விளக்கே தேவையில்ல" என்றான் ஆம்ப்ரோஸ். நான் சிரிக்கவில்லை. படகில் கால் வைத்தபோதுதான் பார்த்தேன். முன்பக்கம், ஊர் சுற்றும்போது ஆம்ப்ரோஸ் படுத்துக்கொள்ளும் கேம்ப்பர் வண்டியின் மெத்தை விரித்திருந்தது. மேலே இரண்டு கனத்த போர்வை. பூப்போட்ட உறை போட்ட தலையணை.

"இது என்னது?"

ஆம்ப்ரோஸ் மோட்டாரைக் குனிந்து பார்த்தான். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"அண்ணன் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"சட்டம் தலையத்தான் எண்ணும், கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னு பாக்காதுன்னாரு. உங்க அஞ்சையும் நானும் ஜெரார்டும் பிடிச்சிருவோம். நீங்க படுத்துக்கங்க."

எனக்குக் கோபம் வெடித்தது. "அப்போ அந்த ஏணி? கொக்கிக்கு அரம் போட்டது? இதை வாயத் திறந்து வீட்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்க வந்திருப்பீங்களா? மாடியில கதவச் சாத்தினாலும் அவர் ஒரு தடவ இருமினா நீங்க இறங்கி வந்துருவீங்களாம். கூப்பிடாம இருக்கத்தான் பாப்பாராம், ஆனா தூக்கத்துல தானா உங்க பேரு வாயில வந்துருதாம்." ஆம்ப்ரோஸ் குரலைத் தாழ்த்தினான். "என் குரல் எட்டாத தூரத்துக்கு அவளக் கொண்டுபோடான்னு சொன்னாரு அண்ணி. போன்ல. அழுதாரு."

லைஃப் ஜாக்கெட்டோடேயே படுத்துக்கொண்டேன். ஜெரார்ட், பாவம், போர்வையை என் காலடியில் செருகிவிட்டான். கோபம் அப்படியே இருந்தது. ஏழு மாதக் கோபம் ஒரு மெத்தைக்கு எல்லாம் அடங்காது. முனையைத் தாண்டும்போது மோட்டார் பாடிக்கொண்டுதான் போனது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

விழிப்பு வந்தபோது மூடுபனி விலகி வெயில் கண்ணில் குத்தியது. மோட்டார் ஓடவில்லை. படகு லேசாக அசைந்துகொண்டிருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. எனக்கு யார் இருக்கிறார்கள், யாருக்கு எப்போது மாத்திரை, எதுவும் நினைவில்லை. உடம்பு மட்டும் இருந்தது, வலியில்லாமல். பிறகு லியாண்டர் நினைவுக்கு வந்தான். பிறகு எல்லாமே வந்தது.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். மீன் பெட்டி நிறைந்திருந்தது. தூண்டில் கயிறுகளைச் சுற்றி வைத்துவிட்டார்கள். மேலே கிடந்த மீனின் தோல் வெயிலில் காய்ந்து சுருங்கியிருந்தது, பிடித்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். மற்ற படகுகள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கரைக்குப் போய்விட்டன. ஆம்ப்ரோஸும் ஜெரார்டும் எனக்கு முதுகு காட்டி, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பூசையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜெரார்டின் காது குளிரில் சிவந்திருந்தது. மோட்டாரைப் போட்டால் நான் எழுந்துவிடுவேன் என்று போடாமல் இருக்கிறார்கள்.

"எழுந்திரிச்சுட்டாங்களா பாரு" என்று ஆம்ப்ரோஸ் கிசுகிசுத்தான்.

ஜெரார்ட் திரும்புவதற்குள் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்ல மாமா. இன்னும் தூங்கறாங்க."

"சரி, விடு."

அங்கே கரையில் ஒரு மனுஷன் கட்டிலில் படுத்து, பாதி வாயைக் கடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடாமல் கிடக்கிறான். எழுந்து போக வேண்டும். போனால் அவனைத் திட்டுவேன், அப்புறம் அவன் நெற்றியில் முத்தம் கொடுப்பேன், அப்புறம் பதினைந்து மீனையும் நான்தான் நறுக்குவேன். இன்னும் கொஞ்ச நேரம் அவன் குரல் எனக்கு எட்ட வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்ததற்காக அழுகை வந்தது. அந்த இரண்டு பேருக்கும் கேட்காமல் போர்வைக்குள் அழுதேன், அழுதபடியே மறுபடி தூங்கிப்போனேன்.