வடக்குப்பட்டில் கரண்ட் போகும் நேரம்

வடக்குப்பட்டில் சந்தனமாரியும் அவள் புருஷன் ஐயனாரும் தொட்டுக்கொண்டால் தெருவுக்கே கரண்ட் போய்விடும். விரல் பட்டால் விளக்கு சிமிட்டும். தோளில் கை போட்டால் ஃபேன் நிற்கும். அதற்கு மேல் என்றால், கேட்கவே வேண்டாம், சீரியல் முடிந்த பிறகுதான் டிவி உயிர்பெறும். இருவரும் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் செல்போன் கம்பெனியில், உடம்பு மின்சாரம் போனுக்குள் பாய்ந்துவிடாதபடி மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு ஸ்க்ரூ முடுக்குகிறவள். அவன் கார் உதிரிபாகக் கம்பெனியில். ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்பும் ஷிப்ட். தொடாமல் விட்ட நாளெல்லாம் சேர்ந்து இப்படி ஆகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டும், காரணம் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

சங்கடம் என்னவென்றால், அவர்கள் அந்தரங்கம் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. டீக்கடையில் ஐயனாரைப் பார்த்தால், "இன்னா தலைவரே, கடைசி ஓவர் பாக்க வுடலியே நீ" என்பார்கள். வீட்டுக்காரம்மா கிளியம்மாள் வாசலில் வந்து நின்று, "தப்பா நெனச்சுக்காத மாரி, மாவு பாதியில நின்னுகினு கீது. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கம்பெனிப் பட்டையைப் போலவே இரண்டு வாங்கி, ஜன்னல் கம்பியில் மாட்டி, ஆளுக்கொன்று கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்துத் தெருவும் சேர்ந்து அணைந்ததுதான் மிச்சம். மானம் போயிற்று என்று ஐயனார் பாயைத் தூக்கிக்கொண்டு நண்பர்களின் அறைக்குப் போய்விட்டான். சந்தனமாரிக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இனி இந்த உடம்பு ஸ்க்ரூ முடுக்க மட்டும்தானா?

அந்தச் சமயத்தில்தான் குன்றத்தூர் ஷெர்லின் வந்தாள். பேச்சும் பாட்டும் இல்லாமல் உடம்பை மட்டும் வைத்து நிகழ்ச்சி நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் கம்பெனிப் பெண்களைச் சேர்த்து ஒரு நிகழ்ச்சிக்குப் பழக்கினாள். சந்தனமாரியும் போனாள். இஷ்டப்படி கையை அசையுங்கள் என்றால், பாவம், அத்தனை பேரும் கம்பெனி லைனில் ஸ்க்ரூ முடுக்குகிற அசைவையே செய்தார்கள். போகப்போக சந்தனமாரி தன் கழுத்தை, முதுகை, கணுக்காலை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். எல்லாம் தன்னுடையவைதான் என்று தெரிந்தபோது அழுதுவிட்டாள்.

நிகழ்ச்சியன்று மாலை ஊரே மண்டபத்தில் இருந்தது. மேடையில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து நீட்டுவது அவள் பங்கு. விருப்பமுள்ளவர்கள் வந்து தொடலாம். பெண்கள் வந்து கைவைத்துப் போனார்கள். விளக்குகள் எரிந்துகொண்டேயிருந்தன. கடைசி வரிசையில் நின்ற ஐயனார் மட்டும் தலைகுனிந்தபடி நகரவில்லை. பேசக்கூடாது என்ற ஏற்பாட்டை மீறி அவள் கேட்டேவிட்டாள்.

"என்னத் தொட ஒங்களுக்கு வெக்கமா இருக்கோ? எனக்கில்ல. எல்லாரு முன்னாலயுந்தான் சொல்லுதேன், எனக்கு நீங்க வேணும்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, அவள் உள்ளங்கையில் கை வைத்தான். பிறகு நெற்றியை அவள் தோளில் சாய்த்தான்.

வடக்குப்பட்டு அணைந்தது. ஒரகடம் அணைந்தது. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கம்பெனிகளில் லைன் நின்று, பட்டை கட்டிய பெண்கள் இருட்டில் கை நீட்டிச் சோம்பல் முறித்தார்கள். மண்டபத்தில் யாரும் செல்போன் விளக்கைப் போடவில்லை. கிளியம்மாள் பக்கத்திலிருந்த தன் புருஷன் நரசிம்மனின் கையைத் துழாவிப் பிடித்தாள். கடைசியாக எப்போது பிடித்தோம் என்று அவளுக்கு நினைவில்லை.

ஐயனார் அன்றைக்கே திரும்பி வந்தான். இப்போதெல்லாம் வடக்குப்பட்டில் கரண்ட் போனால் யாரும் மின்வாரியத்துக்கு போன் செய்வதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் பதறினால், "வந்துரும், இரும்மா" என்று சொல்லிவிட்டு, பெண்கள் அவரவர் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.