ஏழு வேலை நாட்களுக்குள்

...நாலு வரி போதும், தெளிவாக, பணிவாக, ஐந்து மணிக்குள், இதைவிடச் சிக்கலையெல்லாம் எழுதித் தீர்த்தவன்தானே நான், துணி துவைக்கிற மிஷின் கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாகப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவன், ஒருமுறை எங்கள் மிஷின் ஒன்று ஆடி ஆடித் தானே நடந்து கதவைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது, சொந்தக்காரர் மேனேஜரை அடிக்கக் கட்டையோடு பஸ் ஏறினார், வழியில் என் மெயிலைப் படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு நேரே வந்து இன்னொரு மிஷின் வாங்கிப் போனார், பொய்யில்லை, கண்டக்டரைக் கேட்டால் சொல்வார்... அப்படிப்பட்டவனுக்கு, பெற்ற மகளுக்கு நாலு வரி வரவில்லை.

மூன்று வருஷமாகப் பேச்சில்லை, என் பேச்சை மீறி ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள், போன வாரம் புதன்கிழமை ஆபீஸ் மெயிலுக்கே எழுதியிருந்தாள், வேறெதையும் நான் திறக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியாதா, அப்பா, அவர் இப்ப என்கூட இல்ல, நான் வீட்டுக்கு வரலாமா, இப்படிக்கு வாலு. சின்னதில் நான் வைத்த பெயர். அன்று அறுபது புகார், கை தன்பாட்டுக்கு ஓடியது, எல்லாருக்கும் போகிற பதில் அவளுக்கும் போய்விட்டது, தங்கள் கடிதம் கிடைத்தது, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், தங்கள் கோரிக்கை ஏழு வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும். பத்து நிமிஷத்தில் அவள் பதில், சரிப்பா, ஏழு நாள் பாக்குறேன், அப்புறம் வெளியூர்ல வேலைக்குப் போயிடுவேன். இன்று வெள்ளி. ஏழாவது வேலை நாள். போன் பண்ணலாமே என்றால், பண்ணினேன், எடுத்தாள், ம் என்றாள், சும்மாத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்... பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள், என்னண்ணே, காலையிலேருந்து ஒரே மெயிலா, ஊருக்கே எழுதிக் கொடுக்கிற கை, அவ்ளோ பெரிய புகாரா? பெரிசுதாம்மா. யாருமே திருப்தியா இல்லியேண்ணே. இல்லம்மா.

வா. ஒரு எழுத்துதான், ஆனால் அதை மட்டும் அனுப்பினால் கூப்பிடுவதா அதட்டுவதா, முன்னால் என்ன போடுவது, தங்களை அன்புடன் வரவேற்கிறோம் என்று விரல் அடிக்கிறது, அழிக்கிறேன், நாங்கள் வருந்துகிறோம், அழிக்கிறேன், இந்த நாங்கள் யார், வீட்டில் நான் ஒருத்தன்தானே... நாலு ஐம்பது. முதலில் மன்னிப்பு, பிறகு விஷயம், அதுதானே முறை, தெரியாமல் நடந்துவிட்டது என்று ஆரம்பிக்கலாம், பெயரைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று... எதற்கும் அன்று அனுப்பியதைத் திறந்து பார்க்கிறேன். எங்கள் பதிலில் மதிப்பிற்குரிய என்பதற்குப் பிறகு வெறும் கோடுதான் இருக்கும், பெயரை ஒவ்வொரு தடவையும் கையால் அடிக்க வேண்டும். வாலு என்றுதான் அவள் போட்டிருந்தாள். நான் அனுப்பியதில் அவள் முழுப்பெயர் இருக்கிறது, முன்னெழுத்தோடு, என் முன்னெழுத்தோடு, பக்கத்தில் வைக்கவேண்டிய புள்ளியைக்கூட விடாமல் வைத்திருக்கிறேன்...