சுயென் பதித்த தரை

சம்மட்டி இறங்கியது. பூப்போட்ட டைல்ஸ் நாலாகத் தெறித்தது. ஒரு சில்லு கியெமின் கன்னத்தைக் கீறிக்கொண்டு பறந்தது. அவன் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கல்லின் இடுக்கில் உளியை வைத்தான்.

"என்னங்க, ரத்தம்!" பதறினாள் அவன் மனைவி ஹுவே.

"வரட்டும். அந்தச் சனியன் புதைச்சது வெளியே வர்ற வரைக்கும் இந்தக் கை நிக்காது. வந்ததும் அவ கையை ஒடிக்கிறேன் பாரு."

மகள் தோவாவுக்கு இன்னும் ஆறு நாளில் கல்யாணம். சிவப்புத் துணி மூடிய தாம்பாளங்களோடு மாப்பிள்ளை வீட்டார் இந்தக் கூடத்துக்குத்தான் வரப்போகிறார்கள். இந்த நேரம் பார்த்து, நேற்று சா டெக் சந்தையில், மீன்காரிகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சுயென் கேட்டாள்: "அண்ணே, உங்க தரைக்கு அடியில நான் வச்சது பத்திரமா இருக்கா?"

அவ்வளவுதான். கியெமுக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்தத் தரையைப் பதித்தவள் சுயென். அதற்கு ரெண்டு வருஷம் கழித்து, பக்கத்திலிருந்த அவள் நிலத்தின் எல்லைக் கல்லைப் பிடுங்கி நாலு மீட்டர் தள்ளி நட்டான் கியெம். அந்த நாலு மீட்டரில் அவள் அப்பாவின் கல்லறை இருந்தது. 'தோண்டி எடுத்துட்டுப் போ' என்றான். எடுத்துப் போனாள். வேலைக்காரர்கள் வஞ்சம் வைத்துத் தரைக்கடியில் எதையாவது புதைத்தால் அந்த வீடு என்னவாகும் என்று ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எது முந்தி, எது பிந்தி என்று பயம் கணக்குப் பார்க்கவில்லை.

புதுக் கொத்தனார் பளபளக்கும் புது டைல்ஸ் பெட்டிகளோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "புதுசு பதிக்கிறது என் வேலைங்க. சூனியக் கல்லைப் பேர்க்கிறது உங்க வேலை. எனக்கு மாமியார் ஒருத்தி போதும், இன்னொரு சாபம் தாங்காது."

பாதிக் கூடம் பெயர்ந்தபோது வாசலில் சைக்கிள் நின்றது. சுயென். கையில் ஐஸ் காபி. படலில் சாய்ந்துகொண்டு உறிஞ்சினாள்.

"முழங்காலுக்குச் சாக்கு போட்டுக்குங்கண்ணே. நான் அப்படித்தான் போட்டுப்பேன்."

"எங்கேடி வச்ச?"

"தோண்டுங்க, கிடைக்கும். எங்கப்பாவை நான் ஒத்தை ஆளாத்தான் தோண்டி எடுத்தேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு சம்மட்டிப் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினான். டொக். டொக். டொக். முன்னோர் பீடத்துக்கு நேர் கீழே மட்டும் 'டப்' என்று பொள்ளலாகக் கேட்டது. மேலே அவன் அப்பாவின் படம் பார்த்துக்கொண்டிருந்தது. நிமிராமலே ஓங்கி அடித்தான்.

மணலுக்குள் முஷ்டி அளவில் ஒரு மண் கலயம். வாய்க்கு மெழுகு. கழுத்தில் சிவப்பு நூல்.

"ஐயோ!" ஹுவே சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"திறக்காதீங்க! ஆத்துல விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வாங்க!" கொத்தனார் கத்தினான்.

துண்டில் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான் கியெம். வடிந்துகொண்டிருந்த ஆறு, அவன் வீசியெறிந்த கலயத்தை ஒரே இழுப்பில் வாங்கிக்கொண்டது. திரும்பி வந்தபோது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"போச்சுடி உன் சூனியம்! கடல்ல போய்த் தேடு!"

"சூனியமா?" சுயென் கடைசி ஐஸ்கட்டியைக் கடித்தாள். "நான் எப்பண்ணே சூனியம்னு சொன்னேன்? வச்சது பத்திரமா இருக்கான்னுதானே கேட்டேன்?"

கியெம் வாசல்வரை வந்தான். "பின்னே... என்னடி அது?"

அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

"நான் இந்தத் தரை போட்டப்ப உங்க தோவாவுக்கு ஏழு வயசு. காய்ச்சல்ல நினைவில்லாம கிடந்தா. நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருந்தீங்க. எனக்கு மனசு கேக்கல. கோயிலுக்குப் போய், அரிசி, உப்பு, அவ பேரு எழுதின சீட்டு எல்லாம் வச்சு, இந்தப் பொண்ணு பிழைச்சுக் கல்யாணம் காட்சியோட நூறு வருஷம் வாழணும்னு வேண்டி வாங்கிட்டு வந்த கலயம்ணே அது."