கொழுந்து பறிக்கும் மூளை

திங்கட்கிழமைக் கூட்டத்தில் டொக்டர் கணேஸ் என் அம்மாவின் மூளையைச் சுவரில் காட்டிவிட்டுச் சிரித்தார். அம்மாவுடையது மட்டுமில்லை. வத்தேகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஸ்கேனுக்காக நான் வேனில் கூட்டிவந்த பெண்கள் எல்லாருடைய மூளையையும் சேர்த்துச் சராசரியாக்கிய ஒரு சாம்பல் நிறப் படம். பக்கத்தில் கண்டி டவுன் பெண்களின் படம், ஆசிரியைகளும் அலுவலக லிகிதர்களும். எங்கள் படத்தில் மட்டும், விரல்களை ஆட்டும் இடத்திலிருந்து பேச்சுக்குரிய இடத்துக்குத் தடித்த சிவப்புக் கோடு ஒன்று ஓடியது.

“சும்மா படுத்திருக்கேக்கையும் உங்கட ஆக்களின்ர மூளை கொழுந்து பறிக்குது, அனற்,” என்றார் என்னைப் பார்த்து.

எல்லாரும் சிரித்தார்கள். படங்களைக் கணினியில் கோத்தெடுக்கும் தினுஷன் மட்டும் மேசையைப் பார்த்தான். கோடு என்றால் நரம்பு அல்ல. இரண்டு இடங்களில் இரத்தம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், அவை பேசிக்கொள்கின்றன என்று எடுத்துக்கொண்டு நாங்கள் கீறுவது. அது ஏன் அப்படி ஏறி இறங்கியது என்று படம் சொல்லாது. அதை ஆராய்ச்சியாளர் சொல்லவேண்டும். சொன்னார். கங்காணியின் சொல் காதில் விழுந்ததும் கை ஓடவேண்டும் என்று பரம்பரையாகப் பழகிய மூளையாம். கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகைக்குப் போகத் தயாராம். அதில் மூன்றாவது பெயர் என்னுடையது. அவருடைய சிபாரிசில்தான் நான் மேற்படிப்புக்கு வெளியே போகவேண்டும். எங்கள் லயத்து வீடுகளில் கம்பஸ் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறி என்ன கண்டேன்? எங்கள் ஆட்களை அடிமைகள் என்று விஞ்ஞானமாக எழுதும் ஒரு தாளில் என் பெயர்.

பின்னேரம் வீட்டுக்குப் போனதும் அதை அப்படியே அம்மாவின் முகத்தில் கொட்டினேன். அவர் மலையிலிருந்து வந்து, கறைபிடித்த விரல்களைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“கொழுந்தா? அந்தக் குழாய்க்குள்ள படுத்துக்கிட்டு எவ கொழுந்த நெனைப்பா? நாங்க செபமால சொன்னோம் புள்ள.”

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளங்கப்படுத்தினார். இயந்திரத்துக்குள் இரும்பு போகக்கூடாது என்று அறை வாசலில் தோடு, பதக்கம், செபமாலை எல்லாவற்றையும் நானே ஒரு பிளாஸ்டிக் பேசினில் வாங்கி வைத்தேன். உள்ளே கல்லுடைப்பது போன்ற சத்தம். கண்ணெதிரே கறுப்புத் திரை, அதன் நடுவில் வெள்ளைச் சிலுவை. பார்வை அலையாமல் இருக்க நாங்கள் வைக்கும் அடையாளம் அது. டவுன் ஆசிரியைகளுக்கு அது கூட்டல் குறி. எங்கள் பெண்களுக்குச் சிலுவை. முதலில் உள்ளே போய்வந்த அம்மா, அடுத்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்: சிலுவை வச்சிருக்காங்க, அதப் பாத்துச் செபமால சொல்லுங்க, பயம் போயிரும். மணி இல்லாததால் பெருவிரலை விரல் கணுக்களில் நகர்த்தி எண்ணியிருக்கிறார்கள். குளிருக்கு நான் போர்த்திவிட்ட போர்வைக்குள் அது நடந்ததால், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியவில்லை.

விரல், வாய்க்குள் செபம். அதுதான் அந்தச் சிவப்புக் கோடு.

“ஒண்ணும் நினைக்காம படுத்திருங்கன்னுதானே சொன்னேன்?”

“அந்தச் சத்தத்துல நீ படுத்திருக்கியா?” என்றார் அம்மா. பிறகு குரல் இறங்கியது. “ஒங்க டொக்டருகிட்ட சொல்லிராத. சொன்ன பேச்சு வெளங்காத சனம்னு அதுக்கும் சிரிப்பாங்க. ஒம் பேரு வருதுல்ல, விடு.”

விடவில்லை. மறுநாள் காலையில் அவருடைய கதிரைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் கணேஸ் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, பிழையை என் பக்கம் திருப்பினார்; அந்தப் பெண்களுக்கு விளங்கப்படுத்தியது நான்தானாம். தோட்டத்து ஆட்களுக்கு விளங்கச் சொல்லத் தெரியும் என்றுதான் என்னை எடுத்தாராம். அதே சொற்களில்தான் டவுன் பெண்களுக்கும் சொன்னேன், சிலுவையைத் திரையில் வைத்தது நான் இல்லை என்றேன். செபமாலையோ கொழுந்தோ, விரல் விரல்தானே என்றார். முப்பது வருடம் படித்த மனிதர்.

“அப்ப என்னையப் போட்டுப் பாருங்க, சேர்,” என்றேன். “ஒரு தடவ விரல அசைக்காம. மறு தடவ செபமாலயோட. ரெண்டாவதுல மட்டும் கோடு வந்தா பேப்பரத் திருத்துங்க.”

அவருக்கு அது பிடித்துப்போனது. சாய்ந்து உட்கார்ந்தார்.

“நல்லது. நீரும் அந்தத் தோட்டம்தானே. அசையாமல் கிடந்தும் கோடு வந்துதெண்டால்?”

“வந்தா நான் வாயத் தொறக்கல. அந்தப் படத்துல என்னையும் சேத்துக்கங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் அறை எங்களுக்குக் கிடைத்தது. தோட்டைக் கழற்றி அதே பேசினில் போட்டேன். கழற்ற எனக்கு வேறொன்றும் இல்லை. கோயிலுக்குப் போவதைக் கம்பஸ் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டேன். தினுஷன் தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூட்டை மூடினான். போர்வையை எடுத்தான்; வேண்டாம், கை தெரியட்டும் என்றேன். இரண்டு கைகளையும் தொடையில் விரித்து வைத்தேன். கூட்டுக்குள் இருந்த சின்ன முகக்கண்ணாடியில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற டொக்டர் கணேஸ் தெரிந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை.

“அக்கா, முதலாவது. ஒண்டும் யோசியாமல் கிடவுங்கோ,” என்றது காதில் தினுஷனின் குரல்.

அறை விளக்கு அணைந்தது. கறுப்பில் அந்த வெள்ளைக் குறி எழுந்தது. கூட்டல் குறி, கூட்டல் குறி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தம் தொடங்கியது. வேன் வேனாக ஆட்களைக் கொண்டுவந்து இதற்குள் தள்ளிய நான், இதை உள்ளிருந்து கேட்டதில்லை. மண்டையோட்டை யாரோ வெளியே இருந்து உளியால் கொத்தித் திறப்பதுபோல இருந்தது. பற்களைக் கடித்தேன். கைகள் குளிர்ந்தன. கண்ணை மூடக்கூடாது, மூடவில்லை. குறியின் நான்கு முனைகளும் கசிந்து நீண்டன. கீழ்முனை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது.

வலது கையைப் பார்க்க முடியாது. ஆனால் தெரிந்தது. பெருவிரல் ஆட்காட்டி விரலின் முதல் கணுவில் நின்றது. அதை யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று நான் யோசிப்பதற்குள், அது அடுத்த கணுவுக்கு இறங்கியது.