மகள் வீடு இருக்க ஓட்டல் எதற்கு?

சந்தேகம் கெட்ட குணம் என்று சொல்கிறவர்கள் யாரும் ஒற்றை மகளைக் கண்காணாத ஊரில் கட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் கொடுத்திருக்கிறேன். நான் இருப்பது சங்கரன்கோவிலில், என் மகள் சாய்பிரியா இருப்பது கல்கத்தாவில். அவளுக்கும் மாப்பிள்ளை சிபிக்கும் கம்ப்யூட்டர் வேலை. நியூ டவுனில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பதினோராவது மாடியில் வீடு. தினமும் வீடியோவில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தவள், சில மாதங்களாக வெறும் குரலை மட்டும்தான் அனுப்புகிறாள். கேட்டால் "நெட் சரியில்லம்மா" என்பாள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி வீட்டில் நெட் சரியில்லையாம்! யார் காதில் பூச்சுற்றுகிறாள்? மாப்பிள்ளை அடித்துக்கிடித்து வைத்திருக்கிறாரோ, முகத்தில் காயம் இருக்கிறதோ, அதனால்தான் காட்டமாட்டேன் என்கிறாளோ என்று எனக்கு ராத்திரி பகலாக இதே நினைப்புதான்.

"நான் வரட்டுமாட்டீ?" என்று கேட்டுப் பார்த்தேன். "இப்ப வேண்டாம்மா, வேல நெறைய இருக்கு" என்றாள். சரி, இனி கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று கேட்காமலே கிளம்பிவிட்டேன். மதுரையில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே, நான் கெளம்பிட்டேன். சென்னையில மாறி மத்தியானம் அங்க வந்துருவேன்."

"அல்லோ, அல்லோ" என்றேன். "ம்... வாங்க அத்தை" என்றார். அந்த "ம்"மிலேயே எனக்குப் பொறி தட்டிவிட்டது.

கல்கத்தாவில் இறங்கினால் மாப்பிள்ளை மட்டும் தனியாக நிற்கிறார். சவரம் செய்யாத முகம், தூங்காத கண்.

"பிரியா எங்க?"

"ஆபீஸ் வேலையா புவனேஸ்வர் போயிருக்கா அத்தை. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவா."

"சரி, அப்ப வீட்டுக்குப் போவோம்."

தலையைச் சொறிந்தார். "வீட்டுல லிஃப்ட் ரிப்பேர். பதினோரு மாடி ஏறுறது உங்க முட்டிக்கு ஆகாது. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இங்க பக்கத்துலயே நல்ல ஓட்டலாப் பாத்துத் தங்கிக்கோங்க."

மகள் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாமியாருக்கு ஓட்டல்! வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் சண்டை போட்டால் அது மகள் தலையில்தான் விடியும். காரில் ஏறியதும் பிரியாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. உடனே செய்தி வந்தது: "அம்மா, மீட்டிங்கில் இருக்கிறேன்." செய்தியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே. மாப்பிள்ளையின் கையைப் பார்த்தேன், ஸ்டியரிங்கில்தான் இருந்தது. அப்படியானால் வேறு யார் அடிக்கிறார்கள்?

முதலில் ஒரு பெரிய ஓட்டல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணாடிக் கதவு, குல்லாய் போட்டவன் சலாம் வைக்கிறான், உள்ளே நீச்சல் குளம் தெரிகிறது.

"எனக்கு எதுக்கு மாப்ளே நீச்சல் கொளம்? படுக்க ஒரு கட்டிலு, சுத்தமா ஒரு பாத்ரூமு. அவ்வளவுதான். சாதாரணமா ஒண்ணு பாருங்க."

இவ்வளவு தாராளம் எதற்கு என்று அதுவும் சேர்ந்து உறுத்தியது.

அடுத்தது "இரண்டரை நம்பர் கேட்" என்ற இடத்தில். ஒன்றாம் நம்பர் இருக்கலாம், இரண்டாம் நம்பர் இருக்கலாம், அது என்ன இரண்டரை? கேட்டேன். "இந்த ஊர்ல அப்படித்தான் அத்தை, பழைய பேரு" என்றார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஏறினால் இருமல் வருகிற மாதிரி ஒரு மாடிப்படி. மேலே மேஜைக்குப் பின்னால் வெற்றிலை போட்ட ஒரு மானேஜர், எங்கள் இரண்டு பேர் ஆதார் கார்டையும் வாங்கி மாறிமாறிப் பார்த்தான். மாப்பிள்ளையிடம் இந்தியில் பேசினான்.

ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தபோது வடக்கே இட்டார்சியில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவள் நான். எனக்கு இந்தி தெரியும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு உபயோகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நியூ டவுன் விலாசமா? லோக்கல் ஆளுக்கு ரூம் கிடையாது" என்றான் மானேஜர்.

"எனக்கு இல்லை. இவங்களுக்கு மட்டும்தான்."

"வீடு பதினைந்து நிமிஷத்தில் இருக்கிறது. அம்மாவை ஏன் ஓட்டலில் போடுகிறீர்கள்?"

அப்படிக் கேளடா ராசா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளை கொஞ்சம் முழித்துவிட்டு, "வீட்டில் பெயிண்ட் அடிக்கிறோம். வாசனை இவங்களுக்கு ஒத்துக்காது" என்றார்.

பெயிண்ட்! எனக்கு லிஃப்ட், இவனுக்குப் பெயிண்ட். நான் தலையைக் குனிந்து கைப்பையைத் துழாவுகிற மாதிரி இருந்தேன். மானேஜர் என் பக்கம் திரும்பி, சத்தமாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டான்: "ஆன்ட்டி, நீங்க இஷ்டப்பட்டுத்தானே வந்திருக்கீங்க?" என்னைக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. நான் புரியாதவள் மாதிரி சிரித்தேன். அது அவன் பயத்தை இன்னும் கூட்டிவிட்டது. "ரூம் இல்லை. நாளைக்குப் போலீஸ் வந்தால் நான்தான் பதில் சொல்லணும்" என்று கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"என்ன மாப்ளே சொல்லுதான்?"

"ரூம் காலி இல்லையாம் அத்தை."

அடேயப்பா, என்ன கூசாமல் வருகிறது பொய்!

மூன்றாவது, கைகாலி என்கிற பக்கம், ஒரு சந்துக்குள் மூன்று மாடிக் கட்டடம். மேஜையில் ஒரு வங்காளிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். மாப்பிள்ளை இந்தத் தடவை தயாராக இருந்தார். "காலையில் சீக்கிரம் இவங்களுக்கு ஃப்ளைட். அதனால்தான்."

எனக்கு எங்கே ஃப்ளைட் இருக்கிறது? நாளைக்கு மகளைப் பார்க்கலாம் என்று சொன்னவர், என்னைப் பார்க்கவிடாமலே விமானத்தில் ஏற்றி அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறார். என் பிள்ளை அந்த வீட்டுக்குள் எந்தக் கதியில் கிடக்கிறாளோ!

ரூம் கொடுத்துவிட்டாள். ஆனால் லோக்கல்காரர் ரூமுக்குள் போகக்கூடாது, கீழேயே பேசிவிட்டுப் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மேலே போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். விரிப்பு சலவை செய்ததுதான். பாத்ரூமில் வாளியும் தண்ணீரும் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர், கீழே சமையலறையிலிருந்து மீன் வாசனை. நாங்கள் சைவப் பிள்ளைமார். மாப்பிள்ளைக்கு அது தெரியும். "நான் சால்ட் லேக் ஏரியாவுக்குப் போய் உங்களுக்கு இட்லி வாங்கிட்டு வந்துடறேன் அத்தை, நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

படுப்பதா? உட்காரக்கூட முடியவில்லை. பாவம் என் பிள்ளை, போன வருஷம்தான் ஒரு கஷ்டம் பட்டாள். உண்டாகி, இரண்டாம் மாதமே எங்களிடம் சொன்னாள். பெற்றவளுக்குச் சந்தோஷம் வந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாளா? தெருவுக்கே பாயசம் கொடுத்தேன், சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். அது தங்கவில்லை. எல்லாரும் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். பிள்ளைக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லட்டுமே என்று, கேட்டவர்களுக்கெல்லாம் அவள் நம்பரைக் கொடுத்தேன். ஒருவர் விடாமல் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அதற்கப்புறம்தான் இவள் இப்படி ஒதுங்கிப்போனாள். கருவைத் தங்கவைக்காதவள் என்று மாப்பிள்ளை வீட்டில் குத்திக்காட்டுகிறார்கள், அதுதான் விஷயம் என்று நான் அப்போதே முடிவு கட்டியிருந்தேன்.

மாதாமாதம் சாம்பார்ப் பொடியும் முறுக்கும் பார்சல் அனுப்புகிறவளுக்கு விலாசம் தெரியாதா? பூட்டிக்கொண்டு இறங்கினேன். வாசலில் டோட்டோ என்கிற பாட்டரி வண்டி நின்றது. விலாசத்தைச் சொல்லி ஏறிவிட்டேன்.

வெளிச்சம் மங்குவதற்குள் போய்ச் சேர்ந்தேன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடங்கள். கேட்டில் நின்றபடியே உள்ளே பார்த்தேன். லிஃப்ட் கதவு திறக்கிறது, மூடுகிறது, ஆட்கள் காய்கறிப் பையோடு ஏறி இறங்குகிறார்கள். பெயிண்ட் வாசனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

செக்யூரிட்டி பீகார்க்காரன். வீட்டிலிருந்து சரி என்று சொன்னால்தான் உள்ளே விடுவானாம். "பதினோராவது மாடி, சாய்பிரியா வீடு. நாகரத்தினம் வந்திருக்கேன்னு சொல்லு" என்றேன் இந்தியில். வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள், பூட்டிக் கிடக்கும், அப்புறம் போலீஸுக்குப் போக வேண்டியதுதான் என்று நான் பாட்டுக்கு யோசித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் இன்டர்காமில் பட்டனை அழுத்தினான்.

"ஹலோ?"

என் பிள்ளையின் குரல். அடிபட்ட குரல் இல்லை, அழுத குரல் இல்லை. தூங்கி எழுந்த மாதிரி, நன்றாக இருக்கிற குரல். எனக்கு உயிர் திரும்பி வந்தது. "ஏட்டீ" என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

"மேடம், நாகரத்தினம்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. மேலே அனுப்பட்டுமா?"

பதிலும் எனக்கே கேட்டது.

"வேண்டாம் அண்ணா. மேலே அனுப்பாதீங்க."

திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. என்னையா? என்னையா அனுப்பாதே என்கிறாள்? செக்யூரிட்டிக்கே சங்கடமாகப் போய்விட்டது. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாஜி. மேடத்துக்கு அஞ்சாவது மாசம் நடக்குது. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கார். ஏற்கெனவே ஒண்ணு தவறிடுச்சாம். அதனால யாரையும் பார்க்கறதில்லை."

அஞ்சாவது மாசம்! ஐயோ, என் கண்ணே, என் தங்கமே! எங்க ஊரு கோமதியம்மா, நீ கண்ணைத் திறந்துட்டியே தாயே! அந்த நிமிஷமே யாருக்காவது சொல்ல வேண்டும் என்று கை தானாகப் போனைத் தேடியது. தேடிய கை பைக்குள்ளேயே நின்றுபோயிற்று. கேட்டில் நிற்கிற இவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளை பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். பிரியா போன் பண்ணியிருப்பாள்.

"அத்தை, மன்னிச்சிருங்க. நானே சொல்லியிருக்கணும். அவ சத்தியம் வாங்கிட்டா. போன தடவ வந்த போனையெல்லாம் எடுத்து எடுத்து அழுதா அத்தை. ராத்திரி தூக்கத்துலகூட யாருக்கோ பதில் சொல்லிட்டு இருப்பா. இந்தத் தடவ பொறக்கிறவரைக்கும் ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னா."

"ஊர்ல யாருக்கும்னா? நான் ஊரா மாப்ளே?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாள் முழுக்க என்னைச் சமாளிக்க என்னென்னவோ பொய் சொன்ன மனிதருக்கு, இதற்கு ஒரு பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அவ வேணும்னு பண்ணல அத்தை. இப்ப மேல உக்காந்து அழுதுட்டிருக்கா. அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். உங்களப் பாத்தா சரியாயிருவா."

சரியாவாளா? எனக்குத் தெரியவில்லை. மேலே போனால் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஊருக்குப் போனதும் வாயை வைத்துக்கொண்டு இருப்பேனா? இருப்பேன் என்று சத்தியம் பண்ணலாம். அவள் நம்ப வேண்டுமே. நம்பாமல், இன்னும் நாலு மாதம், ஒவ்வொரு போன் மணிக்கும் அவள் பயந்துகொண்டிருந்தால்?

எங்கள் தமிழ் புரியாமல் செக்யூரிட்டி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையிடம் கேட்டான்: "ஸார், இவங்க யாரு? மேடத்துக்கு என்ன வேணும்?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். அம்மா என்று தெரிந்தால் இவன் இன்று ராத்திரிக்குள் அடுத்த ஷிப்ட்காரனிடம் சொல்வான், அவன் வேலைக்காரியிடம் சொல்வான், பெற்றவளை வாசலோடு திருப்பி அனுப்பினவள் என்று என் பிள்ளையைப் பற்றி இந்தக் கட்டடம் முழுக்கப் பேசும். பேச்சு எப்படிப் பரவும் என்று எனக்கா தெரியாது?

"தெரிஞ்சவங்க" என்றேன் இந்தியில். "இந்தப் பக்கம் வந்தேன், சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

மாப்பிள்ளை என்னையே பார்த்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"வண்டிய எடுங்க மாப்ளே. ஓட்டல்ல கொண்டுபோய் விட்டுட்டு நீங்க சீக்கிரம் மேல போங்க. அவ தனியா இருக்கா."